முல்லைக்கு ஈவது எவர் தேரை?

தோட்டக்கலையும் தாவரப் பாதுகாப்பும் இன்று பல்கலைக்கழகங்களில் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்படுகின்றன. ஒரே மாணவன் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் படிக்கிறான். ஆயின் இவ்விரண்டும் மனிதனிடம் வேண்டுவன வெவ்வேறு. தோட்டக்கலை, செடியை உன் தேவைக்கேற்ப மாற்று என்கிறது. ஒட்டு வைக்கவும் பதி வைக்கவும் கிளை கழிக்கவும் கற்றுத் தருகிறது. தாவரப் பாதுகாப்போ, உன் கையை எடுத்துக்கொள், செடி தன் போக்கில் வாழட்டும் என்கிறது. எந்த நிலத்தில் கை வைக்கலாம், எந்த நிலத்தில் வைக்கலாகாது என்று பிரிக்கும் கோட்டை வரைபவர் யார்? அக்கோட்டினால் இழப்புறுபவர் யார்? செடியைப் பற்றிய கேள்விபோல் தோன்றினும் இது மனிதனைப் பற்றிய கேள்வியே. இதையே நாம் இங்கு ஆராய விழைகிறோம்.

நம் பாடசாலைகளில் உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் பெரும்பாலோரின் கண் மருத்துவ பீடத்தின் மேலேயே இருக்கிறது. அங்கு இடம் கிடையாதவருட் பலர் விவசாய பீடத்துக்குச் செல்கின்றனர். இரண்டாந் தரமான கல்வி நமக்கு வாய்த்தது என்ற மனக்குறை அவர்களுக்கு உண்டு. இக்குறை தவறான மதிப்பீட்டிலிருந்து பிறந்தது. மருத்துவனின் பிழை ஒரு நோயாளியைத் தாக்கும். காட்டெல்லையைக் குறிக்கும் அதிகாரியின் பிழையோ ஓர் ஊரையே தாக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இன்று கிளிநொச்சியில் இருக்கிறது. போர்க்காலத்தில் அதுவும் தன்னிடம் விட்டுப் பெயர்ந்து, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய பீடந்தான். இடம்பெயர்வு என்ற சொல்லின் பொருளை அங்கு பயில்வோர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இக்கல்வியின் குலமுறையை முதலில் அறிந்துகொள்வது நல்லது. 1821இல் பேராதனையில் அமைந்த தாவரவியற் பூங்கா கண்ணுக்கு விருந்தாக மட்டும் தோன்றியதன்று. எந்தப் பயிர் இம்மண்ணில் வேர்பிடிக்கும், எது ஏகாதிபத்தியத்தின் கருவூலத்தை நிரப்பும் என்று சோதித்தறியும் களமாகவும் அது விளங்கிற்று. மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக அழிந்தன. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியும் அழிந்தது. சிங்கோனாவும் தேயிலையும் அதன் இடத்தைப் பிடித்தன. பிரேசிலில் எடுத்த விதையிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்தன. அவற்றுக்கு வழிசமைத்த தாவர அறிவு பெரிது; அதனால் இலாபமடைந்த கூட்டமோ சிறிது.

இந்த அழிவுக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியில்லாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே உரியதெனக் கொண்டது. உறுதிப் பத்திரம் என்பதையே கண்டறியாத குடியானவன் எதைக் காட்டி நிரூபிப்பான்? துரைமாருக்குக் காட்டை விற்க உதவிய அதே கோட்பாடு, பின்னாளில் சேனை வெட்டிய ஏழையைக் காட்டின் பகைவன் என்று குற்றஞ்சாட்டவும் உதவிற்று. காட்டை அழித்ததும் காட்டைக் காத்ததும் ஒரே அதிகாரத்தின் இரு கைகளாயிருந்தன. ஆளில்லாத நிலம் அரசின் நிலம் என்ற எண்ணம் அந்த ஆட்சியோடு மறைந்துவிடவில்லை.

இப்பொதுவுண்மை ஒரு நிலப்பகுதியில் எவ்வாறு உருவெடுக்கிறது என்பதைக் காண, மன்னார்ப் பெருநிலத்தின் தென்பகுதியான முசலிப் பிரிவை நோக்குவோம். அருவியாறு கடலைச் சேரும் அரிப்பிலிருந்து தெற்கே சென்றால் சிலாவத்துறை, கொண்டச்சி, கரடிக்குழி, பாலைக்குழி, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் என ஊர்கள் வருகின்றன. முஸ்லிம்களும் தமிழ்க் கத்தோலிக்கரும் இந்துக்களும் மீனுக்கும் நெல்லுக்குமாக வாழ்ந்த ஊர்கள் இவை. இவற்றுக்கும் தெற்கே, மோதரகம் ஆற்றுக்கு அப்பால், 1938இல் தேசிய வனமாகப் பிரகடனம் பெற்ற வில்பத்து இருக்கிறது.

கொண்டச்சிக் குடா ஒரு காலத்தில் உலகறிந்த பெயராயிருந்தது. 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட றொபேட் பெர்சிவல் என்ற ஆங்கிலேயப் படைவீரர் இக்குடாவின் முத்துக்குளிப்பை அதில் வியந்து வருணித்தார். 1796 முதல் ஆங்கிலேயர் இங்கு முத்துக் குளிக்க வைத்தனர். அளவற்ற வருவாய் பெற்றனர். விரைவிலேயே முத்துப்பார்கள் சோர்ந்தன. ஒரு நூற்றாண்டின் பின், 1902இல், சிப்பிகளின் நிலையை ஆராய லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் அழைத்துவரப்பட்டார். அவரது அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் பாகங்களாக வெளிவந்தது. அது உண்மையான விஞ்ஞானம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அறிக்கையின் கடைசிப் பாகம் வெளிவந்த 1906ஆம் ஆண்டிலேயே முத்துப்பார்கள் ஒரு கம்பனிக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளில் முத்தும் இல்லை, கம்பனியும் இல்லை. சிப்பியின் பிறப்பையும் நோயையும் இனப்பெருக்கத்தையும் நுணுகி ஆராய்ந்த அந்த யுகம், மூச்சடக்கி அதை எடுத்துவந்தவனின் வாழ்வு எதை நம்பியிருந்தது என்பதை அதே கவனத்தோடு ஆராய்ந்ததா? வருவாய்க்காகச் செய்யும் பாதுகாப்பு வருவாயோடு முடிந்துபோகும் என்பது இக்கடற்கரை நமக்குத் தரும் முதற் பாடம்.

கடலில் முத்து ஓய்ந்த கொண்டச்சிக்குத் தரையில் வந்த செல்வம் மரமுந்திரிகை. இந்நூற்றாண்டுக்கு முந்திய தசாப்தங்களில் அரசின் மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் இங்கு பெருந்தோட்டம் அமைத்தது. பின்னர் போர் அத்தோட்டத்தையும் பாழாக்கிற்று. மரமுந்திரிகை பிரேசில் நாட்டு மரம். போர்த்துக்கேயரோடு கீழைநாடுகளுக்கு வந்தது. மன்னார்த் தீவில் ஓங்கி நிற்கும் பெருக்கமரமும் ஆபிரிக்காவுக்குரியது. அராபிய வணிகரோடு வந்தது என்பது வழக்கு. வந்த மரங்களுக்கு இந்த மண் இடங்கொடுத்தது. பெருக்கமரத்தை நாம் நம் மரமென்றே பெருமையோடு காட்டுகிறோம். எந்த மரத்தையும் எவரும் உறுதிப் பத்திரம் கேட்டதில்லை. அக்கேள்வி மனிதருக்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இந்நிலத்தில் வேறொரு சான்று கிடைக்கிறது. அது ஊர்ப்பெயர். முள்ளிக்குளத்தில் முள்ளி இருக்கிறது. பாலைக்குழியில் பாலை இருக்கிறது. விளாத்திக்குளத்தில் விளாவும் வேப்பங்குளத்தில் வேம்பும் அகத்திமுறிப்பில் அகத்தியும் இருக்கின்றன. பல்கலைக்கழக மாணவன் சதுரச் சட்டமொன்றை நிலத்தில் வைத்து, அதனுள் நிற்கும் செடிகளை எண்ணிப் பதிவுசெய்கிறான். இம்மக்கள் அதற்கு எவ்வளவோ முன்பே தம் ஊர்ப்பெயர்களில் ஒரு தாவரப் பதிவேட்டை எழுதி வைத்துவிட்டனர். அப்பெயர்களின் பிற்பாதியையும் கவனிக்க வேண்டும். குளம் என்பதும் முறிப்பு என்பதும் தாமாகத் தோன்றுவன அல்ல. மண் சுமந்து அணை கட்டிய கைகளைக் குறிக்கும் சொற்கள் அவை. மரத்தின் பெயரும் மனித உழைப்பின் பெயரும் சேர்ந்தே இங்கு ஊரின் பெயராகின்றன. பழந்தமிழ் இலக்கணமும் நிலத்தை இவ்வாறே கண்டது. மரமும் பூவும் விலங்கும் மக்களும் அவர்தம் தொழிலும் கருப்பொருள் என்ற ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. மக்களை நீக்கிவிட்டு மரத்தை மட்டும் எண்ணும் திணையொன்று தொல்காப்பியத்தில் இல்லை.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் அவர்தம் மண்ணிலிருந்து வெளியேற்றினர். முசலியின் முஸ்லிம் ஊர்களும் வெறுமையாயின. இக்கொடுமையைத் தமிழில் எழுதும்போது மென்மைப்படுத்திக் கூற நமக்கு உரிமையில்லை. சென்றவர்கள் புத்தளத்து முகாம்களில் இருபது ஆண்டளவு வாழ்ந்தனர். அங்கேயே பிள்ளைகள் பிறந்தனர். அப்பிள்ளைகளுக்கும் திருமணம் நடந்தது. 2007இல் முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் போரினால் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் ஊரில் கடற்படைத் தளம் எழுந்தது. 2017இல் அம்மக்கள் வீதியோரம் அமர்ந்து போராடிய பின்னரே நிலத்தில் ஒரு பகுதியை விடுவிக்க ஒப்புதல் கிடைத்தது.

ஆளில்லாத ஊரில் மரம் வளர்ந்தது. நெல்வயலில் உடையும் முள்ளும் முளைத்தன. வீட்டுச் சுவரைப் பிளந்துகொண்டு பாலையும் வீரையும் எழுந்தன. 2009இல் போர் முடிந்தது. மக்கள் திரும்பத் தொடங்கிய வேளையில், 2012 ஒக்டோபரில், மறிச்சுக்கட்டி, கரடிக்குழிப் பகுதியின் நிலம் ஒதுக்கக் காடென்று வர்த்தமானியில் வெளிவந்தது. 2017 மார்ச்சில் அப்பகுதிக் காடுகள் ஒன்றிணைக்கப்பட்டு, மாவில்லு என்ற பெயரில் சுமார் 40,000 ஹெக்டயர் பாதுகாக்கப்பட்ட வனமாயிற்று. தம் பழைய குடிநிலமும் மேய்ச்சல் நிலமும் தாமில்லாத வேளையில் காட்டெல்லைக்குள் போய்விட்டன என்பது மக்களின் முறையீடு. குடியேற்றம் என்ற பெயரில் காடு அழிகிறது என்பது சூழலியலாளரின் முறையீடு. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாற்று வனப்பகுதியில் குடியேற்றத்துக்காகக் காடு வெட்டியது சட்டத்துக்கு முரணானது எனத் தீர்த்து, முன்னாள் அமைச்சர் ஒருவர் தம் செலவில் அங்கு மரம் நட வேண்டுமென்று கட்டளையிட்டது.

இவ்விரு முறையீடுகளில் ஒன்றைப் பொய்யென்று தள்ளிவிட்டு மற்றதை ஏற்பது எளிது. கட்சிகள் அதையே செய்தன. செய்தித்தாள்களும் அதையே செய்தன. அறத்தை ஆராய்வோர்க்கு அது தகாது.

காட்டின் பக்கத்து நியாயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வறண்ட வலயத்துக் காடு மெதுவாக வளர்வது. ஒரு முதிரையோ கருங்காலியோ முற்றுவதற்கு மனித ஆயுள் போதாது. பாலைப் பழம் கரடிக்கும் உணவு, ஏழைக்கும் உணவு. குளத்துக்கு நீர் கொண்டுவரும் மேட்டுநிலக் காட்டை வெட்டினால் குளம் தூரும். குளம் தூர்ந்தால் முதலில் பட்டினி கிடப்பவன் திரும்பிவந்த விவசாயியே. யானையின் வழியை மறித்துக் கட்டிய வீட்டிலும் குடியிருக்கப் போவது ஏழைதான். ஆகவே காடு செல்வர்களின் ஆடம்பரம், ஏழைகளுக்கு அது வேண்டா என்று பேசுவோர் ஏழைகளின் நண்பர்கள் அல்லர். இருபதாண்டில் ஒரு குடும்பம் மூன்று குடும்பமாகியிருப்பது உண்மை. அதனால் பழைய ஊரின் எல்லை போதாதென்பதும் உண்மை. ஆயினும் தேவை வளர்ந்த அளவுக்குக் காடு தேய்ந்துகொண்டே போக முடியாது என்பதும் அவற்றோடு சேர்ந்த உண்மையே.

மறுபக்கத்து நியாயம் வேறு வகையினது. துரத்தப்பட்டவனின் வயலில் முளைத்த மரத்துக்குக் குற்றமில்லை. அது காற்றோடு வந்த விதை. அந்த மரத்தைக் காட்டி, இது காடு, இங்கு நீ வரலாகாது என்று கூறும் சட்டமோ, அவனைத் துரத்திய வன்முறைக்குத் தன்னை அறியாமலே வாரிசாகிவிடுகிறது. துப்பாக்கி வெறுமையாக்கிய நிலத்தை வர்த்தமானி காடென்று பெயரிட்டு ஏற்றுக்கொள்கிறது. 1840இன் சட்டத்தில் நாம் கண்ட அதே எண்ணம் இங்கு பச்சை ஆடை உடுத்தி வருகிறது. திரும்பிவந்த அகதியின் கைக்கத்தியைக் கண்டு கொதித்தெழுந்த குரல்களுட் சில, ஊரை விழுங்கிய முகாமைக் கண்டு தாழ்ந்துபோனதையும் நாம் மறத்தற்கில்லை.

செடிகளுக்காக மனிதன் துன்புறுவது என்றும் தவறா? அவ்வாறு சொல்ல மாட்டோம். அதன் மிக உயர்ந்த எடுத்துக்காட்டு சோவியத் நாட்டிலுண்டு. உலகெங்கும் அலைந்து பயிர்விதைகளைத் திரட்டிய நிக்கொலாய் வவிலோவ், லெனின்கிராட்டில் மாபெரும் விதைக் களஞ்சியம் ஒன்றை உருவாக்கினார். 1941 முதல் 1944 வரை நாஜிப் படைகள் அந்நகரை முற்றுகையிட்டபோது மக்கள் பட்டினியால் மாண்டனர். களஞ்சியத்தில் நெல்லும் கோதுமையும் கடலையும் பொதிபொதியாக இருந்தன. அவற்றைக் காத்த விஞ்ஞானிகள் அவற்றை உண்ணவில்லை. நெல்வகைகளின் காவலரான திமித்திரி இவானோவ், ஆயிரக்கணக்கான நெற்பொதிகளுக்கிடையே பசியால் இறந்தார். அந்த வவிலோவையே அவரது அரசு சிறையிலிட்டது. 1943இல் சராத்தவ் சிறையில் அவர் உயிர்நீத்தார். மக்களின் பெயரால் ஆளும் அரசும் மக்களுக்கு உணவு தேடியவனைக் கொல்லக்கூடும் என்பதை, சமத்துவத்தில் பற்றுடைய நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இவானோவின் மரணம் நம்மைத் தலைவணங்க வைப்பது எதனால்? அவர் ஈந்தது தம் உயிரை. அயல்வீட்டுக் குழந்தையின் உணவைப் பறித்து அவர் அதைக் களஞ்சியத்தில் வைத்திருந்தால், விதை அதே விதையாகத்தான் இருந்திருக்கும், செயலோ கொடுமையாகியிருக்கும். நம் இலக்கிய மரபு போற்றும் பாரியின் கதையும் இதையே கூறுகிறது. கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்கு அவன் தேரை ஈந்தான் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் ஆண்டுதோறும் சொல்கிறோம். அது அவனுடைய தேர் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். பறம்புமலைக் குடியானவன் ஒருவனின் குடிலைப் பிரித்து, அதன் மூங்கிலை முல்லைக்குக் கொம்பாக நட்டிருந்தால் பாரியைப் பாடப் புலவர் எவரும் வந்திருக்க மாட்டார். தியாகத்தை ஒருவன் தன்னிடமிருந்து எடுக்கலாம். பிறரிடமிருந்து கேட்பதாயின் முதலில் அவரைச் சபையில் அமர்த்திக் கேட்க வேண்டும். கேளாமல் எடுத்தால் அதற்குத் தியாகம் என்று பெயரில்லை.

தாவரப் பாதுகாப்பு இயலுக்குள்ளேயே இந்த அறத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஒரு செடியை அது வாழும் இடத்திலேயே காப்பது ஒரு முறை. விதை வங்கியிலும் பூங்காவிலும் கண்ணாடிக் குழாயிலும் காப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறை தற்காலிகமானது என்று ஆசிரியர் ஒவ்வொருவரும் கற்பிக்கிறார். குளிரூட்டிய அறையில் உறங்கும் விதை, மீண்டும் தன் மண்ணில் முளைக்கும்போதே அதைக் காத்த வேலை நிறைவுபெறும். புத்தளத்து முகாம்களில் இருபதாண்டு வைக்கப்பட்ட மக்களுக்கு இந்த விதி ஏன் பொருந்தாது? விதை திரும்பிவரும் நாளுக்காக அதன் வாழிடத்தைப் பேணிவைப்பது விஞ்ஞானம். மனிதன் திரும்பிவரும் நாளில் அவன் வாழிடத்தை வேறொன்றாகப் பதிவுசெய்து வைப்பது எந்த விஞ்ஞானம்?

ஆகவே இத்துறையைப் பயிலச் செல்லும் நம் பிள்ளைகள் நான்கு ஆண்டுகளில் கற்றுக்கொள்ள வேண்டியவை பாடத்திட்டத்தில் உள்ளவற்றோடு முடிவதில்லை. மரத்தின் வயதைக் கணிக்கக் கற்பவர், மரங்களுக்கிடையே கிடக்கும் கிணற்றையும் மையவாடியையும் உடைந்த குளக்கட்டையும் வாசிக்கவும் கற்க வேண்டும். வானிலிருந்து எடுத்த படத்தில் பசுமையாகத் தெரிவதெல்லாம் ஆதிக்காடு அன்று. அதிற் சில, இருபது வயது நிரம்பாத மரங்கள் மூடிய முற்றங்கள். பழைய நிலவரைபடமும் பாடசாலைப் பதிவேடும் பள்ளிவாசல், தேவாலயக் குறிப்புகளும் முதியோரின் நினைவும் தாவரவியலாளனின் கருவிகளாக வேண்டும். காட்டெல்லை கொழும்பு மேசையில் வரையப்படாமல், அந்த நிலத்தில் நின்று, அங்கு வாழ்ந்தவர் முன்னிலையில் வரையப்பட வேண்டும். அவ்வாறு வரைந்த எல்லையைக் காக்க மக்களே முன்வருவர். தம் கையொப்பமும் உள்ள எல்லையன்றோ அது!

திரும்பிவந்த மக்களுக்கும் ஈவதற்கு ஒரு தேர் உண்டு. பழைய குடிநிலத்தைக் கேட்பது உரிமை. அந்த உரிமையைக் கேடயமாக்கிக் குளத்தின் தலைக்காட்டையும் வெட்டுவது உரிமையாகாது. தம் வாக்குக்காகக் காட்டை அள்ளிக்கொடுக்கும் அரசியல்வாதி, தன்னுடையதல்லாத தேரை ஈகின்ற போலிப் பாரி. வளர்ந்துவிட்ட குடும்பங்களுக்கு நிலம் தேவையெனில், அதைக் காட்டிடம் கேட்குமுன் அரசிடமும் படைமுகாம்களிடமும் பயன்படாது கிடக்கும் பெருந்தோட்டங்களிடமும் கேட்க வேண்டும். அதிகம் வைத்திருப்பவர் முதலில் கொடுப்பது என்ற எளிய நீதி மரங்களின் விஷயத்திலும் செல்லும். தோட்டக்கலையின் வேலையும் இங்குதான் தொடங்குகிறது. கால் ஏக்கர் வளவில் ஒரு குடும்பம் வாழுமாறு பயிரிடக் கற்றுத் தந்தால், அடுத்த தலைமுறை காட்டை நோக்கிக் கத்தியோடு செல்லவேண்டிய தேவை குறையும். முதலில் இரண்டாகப் பிரிந்து நின்ற அவ்விரு துறைகளும் இந்த இடத்திலேயே ஒன்றையொன்று சந்திக்கின்றன.

பல்கலைக்கழகம் நம் பிள்ளைகளுக்கு ஒட்டுக்கத்தியையும் எல்லைக்கல்லையும் கையில் கொடுத்து அனுப்புகிறது. இரண்டும் கூரியவை, கனமானவை. நாளை அவர்களுள் ஒருவர் வன அதிகாரியாகக் கொண்டச்சிப் பக்கம் வரக்கூடும். முதல் கல்லை நடுமுன், அந்த இடத்தின் பெயர் என்ன, அந்தப் பெயரை வைத்தவர்கள் இப்போது எங்கே என்று அவர் ஊராரிடம் கேட்பாராயின், நாம் கற்பித்த தமிழும் அவர் கற்ற தாவரவியலும் வீண்போகவில்லை என்று கொள்வோம்.